பழைய களிமண் போக்கர் சிப்புகள்: வீட்டில் கையால் சுத்தம் செய்த ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

ஒரு நண்பர் குழு பல ஆண்டுகளாக வார இறுதிகளில் ஒருவர் வீட்டில் கூடிப் போக்கர் ஆடிவந்தது. பணம் வைத்து ஆடவில்லை, வெறும் புள்ளிக் கணக்குதான். வீட்டுக்காரர் இறந்தபின் அவர் குடும்பத்தார் சிப்புப் பெட்டியை, அதாவது ஆட்டத்தில் பணத்துக்குப் பதிலாக வைக்கும் வட்ட வில்லைகள் அடங்கிய பெட்டியை, குழுவிலேயே மூத்தவரிடம் கொடுத்துவிட்டார்கள். அவர் ஓய்வுபெற்ற ஆசிரியர். பெட்டி நெடுங்காலம் திறக்கப்படாமல் ஓர் அலமாரியின் அடித்தட்டில் கிடந்தது. மீண்டும் ஆட்டம் தொடங்கலாம் என்று பேச்சு வந்தபோதுதான் திறந்து பார்த்தார். கையில் எடுத்த முதல் சிப்பே விரலில் ஒட்டியது.

சுத்தம் செய்யும் வேலையை அவரும் அவருடைய அண்ணன் மகளும் ஏற்றுக்கொண்டார்கள். அண்ணன் மகள் ஓர் ஆய்வகத்தில் பணிபுரிபவர். எதையும் குறித்துவைத்துச் செய்யும் பழக்கம் உள்ளவர். களிமண் சிப்புகளைச் சேகரிப்பதில் எனக்கு நீண்டநாள் ஈடுபாடு உண்டு என்பதால் என்னிடம் யோசனை கேட்டார்கள். பல நாள் நானும் உடன் உட்கார்ந்தேன். இருவரின் சம்மதத்தோடு, அடையாளம் தெரியாதபடி இதை எழுதுகிறேன். இதே வேலையில் இறங்குகிறவர்களுக்கு, எப்படித் தேய்ப்பது என்பதைவிட எப்போது நிறுத்துவது என்பதுதான் கடினம். இந்த நிகழ்வில் அதற்கு ஓர் அடையாளம் கிடைத்தது. அதனால்தான் இவ்வளவு விரிவான பதிவு.

பெட்டியில் இருந்தவை

மொத்தம் 600 சிப்புகள், நூறு கொள்ளும் ஆறு அக்ரிலிக் ரேக்குகளில். ஒவ்வொரு ரேக்கிலும் இருபது இருபதாக ஐந்து வரிசை. இந்த இருபதைத்தான் பேரல் என்பார்கள். மதிப்பு ஒன்று உள்ள வெள்ளை 100, ஐந்து உள்ள சிவப்பு 200, இருபத்தைந்து உள்ள பச்சை 200, நூறு உள்ள கறுப்பு 100. அமெரிக்கக் கேசினோக்களில் பரவலாக இருக்கும் நிற வரிசை இது. விட்டம் 39 மில்லிமீட்டர், எடை பத்து கிராமுக்குச் சற்றுக் குறைவு.

முகத்தின் ஓரத்தைச் சுற்றி உள்ளே குழிந்து பதிந்த தொப்பியும் கைத்தடியும் மாறிமாறி வந்தன. பால்சன் என்ற நிறுவனத்தின் சிப்புகளில் வார்க்கும் அச்சிலேயே பதியும் மோல்டு முத்திரை அது. அந்த நிறுவனம் 1963இல் லாஸ் வேகஸில் பகடையும் சீட்டுக்கட்டும் விற்கத் தொடங்கி, பிறகு கேசினோ சிப் தயாரிப்பில் பெரிய பெயர் எடுத்தது. 2002இல் வேறு இரு நிறுவனங்களோடு இணைந்து, பின்னர் கேமிங் பார்ட்னர்ஸ் இன்டர்நேஷனல் என்று பெயர் மாறியது. பெட்டியில் இருந்தவை மூடப்பட்ட ஒரு கேசினோவிலிருந்து வெளியே வந்தவை என்று குடும்பத்தார் சொன்னார்கள்.

இதில் இரண்டு வகை கலந்திருந்ததைக் கவனிக்க வேண்டும். வெள்ளை, சிவப்பு, பச்சை மூன்றிலும் நடுவில் அச்சிட்ட வட்டத் தகடு பதிந்திருந்தது. இன்லே என்பது அதுதான். கறுப்பு நூறில் இன்லே கிடையாது. தங்க நிறத் தாளைச் சூட்டில் அழுத்தி எழுத்தைப் பதித்த ஹாட் ஸ்டாம்ப் சிப் அது. இன்லே தண்ணீரை ஓரளவு தாங்கும். ஹாட் ஸ்டாம்ப் எழுத்து தேய்ப்பைத் தாங்காது. ஒரே பெட்டிக்கு ஒரே முறை என்று இறங்கினால் இங்கேயே ஏதாவது ஒன்று போய்விடும்.

முதல் பார்வையில் தெரிந்த நிலை

முதல் நாள் எதையும் நனைக்கவில்லை. சாளரத்தருகே வெள்ளைத் துணி விரித்து, ஒவ்வொரு பேரலாக எடுத்துப் பார்த்துக் குறித்துக்கொண்டே போனோம். அழுக்கு என்று பொதுவாகச் சொன்னது பிரித்துப் பார்த்தபோது நாலைந்து விதமாக இருந்தது.

முகம் முழுக்க ஒரு மஞ்சள் பழுப்புப் படலம். சிகரெட் புகை பல வருடம் படிந்து பிசுபிசுத்துப்போனது. வெள்ளைச் சிப்புகளில் இது தெளிவாகத் தெரிந்தது. பச்சையில் நிறம் மங்கியதுபோலத் தோன்றியதும் இதனால்தான். விளிம்பில் விரல் எண்ணெய்ப்பசை. அடுக்கிப் பிடிக்கும் இடம் என்பதால் விளிம்பு கறுத்து, எட்ஜ் ஸ்பாட் என்ற மாற்றுநிறக் கட்டங்களின் எல்லையே தெரியவில்லை. தொப்பி, கைத்தடிக் குழிவுகளில் உலர்ந்து இறுகிய கறுப்புத் துகள். பச்சையில் இரண்டு பேரலை யாரோ ரப்பர் பேண்டு போட்டு வைத்திருந்தார்கள். ரப்பர் உருகி, விளிம்பில் பழுப்புக் கோடாக இறுகிக் கிடந்தது.

சிவப்பில் ஒரு பேரல் மட்டும் தனியாகத் தெரிந்தது. மற்றவற்றைவிடச் சுத்தமாக, ஆனால் வெளிறிப்போய். கண்ணாடித் தட்டின்மேல் வைத்து ஓரத்தை விரலால் தட்டினால் ஆடின, சுண்டிவிட்டால் சுழன்றன. வளைந்துபோன சிப்பைக் கண்டுபிடிக்க இதைவிட எளிய சோதனை இல்லை. விசாரித்ததில், இறந்த நண்பர் எப்போதோ ஒரு பேரலைப் பாத்திரம் கழுவும் இயந்திரத்தில் போட்டுப் பார்த்துவிட்டு, மற்றவற்றைத் தொடாமல் விட்டிருந்தார் என்று தெரிந்தது. சூடு களிமண் சிப்புக்கு என்ன செய்யும் என்பதற்குக் கண்ணெதிரே சான்று இருந்தது நல்லதாயிற்று. கொதிநீர் வேண்டுமா என்ற கேள்வியே அதன்பின் எழவில்லை.

ஆசிரியர் அந்த வெளிறிய சிவப்பையும் பக்கத்துச் சிவப்பையும் மாறிமாறிப் பார்த்தார். “அழுக்கா இருக்கறதே பரவாயில்ல போலிருக்கே” என்றார். அண்ணன் மகள் அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்.

பொருளைப் பற்றித் தெரிந்துகொண்டது

களிமண் சிப் என்று பெயர் இருந்தாலும் சூளையில் சுட்ட மண் அல்ல. களிமண், சுண்ணாம்பு போன்ற தாதுப் பொடிகளோடு பிணைப்புப் பொருளும் நிறமியும் சேர்த்து, சூட்டிலும் அழுத்தத்திலும் அச்சில் வார்த்த கலவை. சரியான விகிதத்தைத் தயாரிப்பாளர்கள் வெளியே சொல்வதில்லை. மேற்பரப்பு கண்ணாடிபோல மூடியதாக இருக்காது. நுண்ணிய சொரசொரப்பு உண்டு. கையில் நிற்பதும் அடுக்கினால் வழுக்காததும் அதனால்தான். அழுக்கு ஏறிக்கொள்வதும், கொஞ்சம் ஈரம் இழுப்பதும் அதனால்தான். நிறமி மேலே பூசிய வண்ணமாக இல்லாமல் கலவையோடு கலந்திருப்பதால், தேய்க்கத் தேய்க்க நிறம் போய்விடாது; சிப்பேதான் தேய்ந்துபோகும்.

பாதுகாப்பைப் பற்றியும் யோசிக்க வேண்டியிருந்தது. பழைய கேசினோ சிப்புகள் சிலவற்றில் எடை கூட்ட ஈயம் சேர்த்திருக்கிறார்கள். இவை அந்த வகையா என்று வீட்டில் உறுதிசெய்வது கடினம். எனவே ஈயம் இருக்கிறது என்றே வைத்துக்கொண்டு வேலை செய்வதென்று அண்ணன் மகள் முதலிலேயே சொல்லிவிட்டார். உப்புத்தாள் கிடையாது, உலர்ந்த நிலையில் சுரண்டுவது கிடையாது. தூசி பறக்காதபடி ஈரத்தில்தான் தேய்க்க வேண்டும். சமையல் பாத்திரம் ஒன்றும் இந்த வேலைக்கு வராது. கையுறை, வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கைகழுவல், இடையில் எதையும் தின்பதில்லை, துணிகளைத் தனியாக வைத்து முடிவில் அப்புறப்படுத்தல். கொஞ்சம் அதிகம் என்று ஆசிரியருக்குப் பட்டது. எனக்குப் படவில்லை. குழந்தைகள் வந்துபோகும் வீட்டில் இதற்குக் குறைவாக யாரும் செய்யக் கூடாது.

சில பொருட்களைச் சோதிக்காமலேயே ஒதுக்கினோம். அசிட்டோன் பிணைப்புப் பொருளையும் இன்லேயையும் தாக்கக்கூடியது. குளோரின் ப்ளீச் நிறத்தை வெளுக்கும். கலவையில் சுண்ணாம்பு இருக்கக்கூடும் என்பதால் வினிகர் மாதிரி அமிலமும் வேண்டாம்.

நாலு சிப்பில் சோதனை

ஒவ்வொரு நிறத்திலும் ஏற்கெனவே ஓரம் உடைந்த ஒன்றைத் தேர்ந்தெடுத்துச் சோதனைக்கு ஒதுக்கினோம். போனால் போகட்டும் என்ற சிப்புகள். சிவப்பைப் பாத்திரம் கழுவும் இயந்திரத்தில் போன பேரலிலிருந்து எடுக்கவில்லை. அது ஏற்கெனவே மாறிப்போன பொருள், அதில் கிடைக்கும் விடை மற்றவற்றுக்குப் பொருந்தாது.

முதலில் வெறும் தண்ணீரும் நுண்ணிழைத் துணியும். தூசி வந்தது, படலம் அசையவில்லை. அடுத்து வெதுவெதுப்பான தண்ணீரில் சில சொட்டுப் பாத்திரம் தேய்க்கும் திரவம், மென்மையான பல்துலக்கி. விளிம்புப் பசை நன்றாகவே கிளம்பியது, குழிவுக் கறுப்பும் பெரும்பாலும் வந்தது. புகைப் படலம் பாதிதான்.

மூன்றாவதாகச் சோடியம் பெர்கார்பனேட். ஆக்ஸிஜன் வகைச் சலவைத்தூள் என்று விற்பதன் உயிர்நாடி இதுதான். தண்ணீரில் கரைந்ததும் ஹைட்ரஜன் பெராக்சைடும் சோடியம் கார்பனேட்டுமாகப் பிரியும். இரண்டாவது காரம், புகைப் பிசினையும் எண்ணெயையும் கிளப்புவது அதுதான். சிட்டிகை அளவு கரைத்து, சிப்பை ஒரு நிமிடம்போல முக்கி எடுத்துத் தேய்த்தால் மஞ்சள் தண்ணீர் ஓடியது. வெள்ளைச் சிப் உண்மையிலேயே வெள்ளையாயிற்று.

அதே கரைசலில் பச்சையை அரைமணி நேரம் விட்டுப் பார்த்தோம். ஊறவைத்தால் உழைப்பு குறையுமே என்பது ஆசிரியரின் எண்ணம். 600 சிப்பு என்ற கணக்கில் நியாயமான எண்ணம்தான். வெளியே எடுத்தபோது பார்க்கப் பளிச்சென்று இருந்தது. உலர்ந்தபின் முகம் முழுக்க வெளுத்த மங்கல் படர்ந்திருந்தது, இன்லேயின் ஓரம் நகம் நுழையும் அளவுக்கு எழும்பியிருந்தது. மங்கலுக்கு ஏதாவது வழி பார்க்கலாம். எழும்பிய இன்லேக்கு வீட்டில் நல்ல வழி இல்லை. ஊறவைப்பது அங்கேயே முடிந்தது.

மெலமைன் பஞ்சையும் ஒருமுறை பார்த்தோம், மேஜிக் பஞ்சு என்று கடையில் கிடைப்பது. அழுக்கை அது கரைப்பதில்லை, மிக நுண்ணிய உப்புத்தாள்போல அரைத்து எடுக்கிறது. சிவப்புச் சிப்பின் முகத்தில் பத்துப் பதினைந்து தேய்ப்பிலேயே அந்த இடம் வழவழப்பாகி, சாய்த்துப் பிடித்தால் மினுங்கியது. ஒதுக்கிவிட்டோம்.

இந்தச் சோதனையின்போதுதான் அண்ணன் மகள் ஒன்றைக் கவனித்தார். சிவப்பைத் துடைத்த வெள்ளைத் துணியில் முதலில் பழுப்புக் கறை. துணியின் சுத்தமான பகுதிக்கு மாற்றி மறுபடி துடைத்தால் வெளிர் பழுப்பு. மூன்றாம் முறை துணியில் விழுந்தது இளஞ்சிவப்பு. “சித்தப்பா, இது அழுக்கு இல்ல, இது சிப்பு” என்றார். ஆசிரியர் இன்னும் பளபளக்கவில்லையே என்று தேய்த்துக்கொண்டிருந்தார். துணியைப் பார்த்ததும் கையை எடுத்துவிட்டார்.

முழு வேலையின் விதியும் அந்தத் துணியில்தான் கிடைத்தது. பழுப்பு வரும்வரை அழுக்கு போகிறது. சிப்பின் சொந்த நிறம் வந்துவிட்டால் மேற்பரப்பே போகிறது, அங்கே நிறுத்த வேண்டும். சிப்பின் முகத்தைப் பார்த்து முடிவெடுத்தால் எப்போதும் இன்னும் கொஞ்சம் என்றே தோன்றும், ஈரச் சிப் ஒரு நிறம், உலர்ந்தது வேறு நிறம் என்பதால். துணி அப்படி ஏமாற்றாது.

முடிவான முறை

மேசையில் இடமிருந்து வலமாக மூன்று கிண்ணம். முதலாவதில் வெதுவெதுப்பான தண்ணீரில் பெர்கார்பனேட் சிட்டிகை, பாத்திரத் திரவம் ஒரு சொட்டு. இரண்டாவதில் நல்ல தண்ணீர். மூன்றாவதில் வாலை வடித்த தண்ணீர், அதாவது பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர். வீட்டுக் குழாயில் வந்தது கடினநீர்; அதிலேயே அலசி விட்டால் உலரும்போது உப்பு வெள்ளையாகத் திட்டுவிடும். அதை அழுக்கு என்று நினைத்து மறுபடி தேய்ப்பார்கள். கடைசி அலசலுக்கு மட்டும் வாலைநீர் என்றால் செலவும் பெரிதாக இல்லை.

ஒரு நேரத்தில் ஒரு சிப்தான் தண்ணீருக்குள் இருக்கும். முக்கி எடுத்து உடனே விளிம்பு, பிறகு முகம், பிறகு மறுமுகம். விளிம்புக்குப் பல்துலக்கி, சிப்பை இரு விரலில் பிடித்துச் சக்கரம்போலச் சுழற்றிக்கொண்டே துலக்கினால் ஒரே இடம் தேய்வதில்லை. முகத்தில் துலக்கி குழிவுக்குள் மட்டும், இன்லேமேல் துணி மட்டும். பிறகு இரண்டு அலசல், உடனே துணியால் ஒற்றியெடுத்தல். ஒரு சிப் தண்ணீரைத் தொட்டு வெளியே வரும் நேரம் ஒரு நிமிடத்தைத் தாண்டக் கூடாது என்று வைத்துக்கொண்டோம்.

கரைசல் ஒரு பேரலுக்கு ஒருமுறை மாற்றப்பட்டது. இருபது சிப்பில் தண்ணீர் தேநீர் நிறமாகிவிடும். அதே தண்ணீரில் அடுத்த பேரலைக் கழுவுவது புகையை இன்னொன்றில் பூசுவதுதான். சிவப்பும் வெள்ளையும் ஒரே கிண்ணத்தில் போகாது.

துணி விதி எல்லா நிறத்துக்கும் ஒரே மாதிரி வேலை செய்யவில்லை, இதைச் சொல்லியாக வேண்டும். சிவப்பிலும் பச்சையிலும் தெளிவு. வெள்ளையில் சிப்பின் நிறம் துணியில் தெரியாது. அதற்குக் கறுப்புத் துணி பயன்பட்டது. பழுப்பு தெரியாவிட்டாலும் சுண்ணாம்புத் தடம் விழுந்தால் போதும் என்று அர்த்தம். கறுப்புச் சிப்பில்தான் சிக்கல். பசை அழுக்கும் கறுப்பு, சிப்பும் கறுப்பு. உற்றுப் பார்த்தால் அழுக்கு பழுப்புச் சாயலாகவும், சிப் சாம்பல் சாயலாகவும் விழும். ஆனால் மாலை வெளிச்சத்தில் பிரித்தறிய முடியாது. எனவே கறுப்பைப் பகல் வெளிச்சத்தில் மட்டும் செய்வது, முகத்தைத் துலக்காமல் ஈரத்துணியால் மிதமாக ஒற்றித் துடைப்பது, தங்க எழுத்துமேல் துணியை இழுக்காமல் வைத்து எடுப்பது என்று முடிவாயிற்று. கறுப்புக்குப் பெர்கார்பனேட்டும் போடவில்லை, பாத்திரத் திரவம் மட்டும்.

உலர்த்துவதில் சமரசம் செய்யவில்லை. தட்டையான பலகைமேல் பருத்தித் துண்டு, அதன்மேல் ஒன்றையொன்று தொடாமல் சிப்புகள், சில மணிநேரத்துக்கு ஒருமுறை புரட்டிப்போடுதல். ஒரு பக்கம் மட்டும் காய்ந்தால் வளையும் வாய்ப்பு உண்டு. வெயில் கூடாது, ஹேர் டிரையர் கூடாது. காய்ந்துவிட்டதா என்பதைத் தொட்டுப் பார்த்துச் சொல்ல முடியாது என்று அண்ணன் மகள் ஒவ்வொரு பேரலிலும் ஒரு சிப்பைக் கழுவுமுன் நுண்தராசில் நிறுத்துக் குறித்துவைத்தார். எடை ஒன்றுபோல நின்று, இரண்டு வேளை மாறாமல் இருந்தபின்தான் ரேக்கில் அடுக்கினார்கள். வெளியே காய்ந்ததுபோல இருந்த சிப்புகள் அடுத்த நாள்வரை எடை இறங்கிக்கொண்டிருந்தன. அவசரப்பட்டு அடுக்கியிருந்தால் அந்த ஈரம் ரேக்குக்குள் அடைபட்டிருக்கும்.

தனிக் கவனம் கேட்டவை

ரப்பர் பேண்டு ஒட்டியிருந்த பச்சைச் சிப்புகளுக்குச் சோப்புத் தண்ணீர் பயன்படவில்லை. ஸ்பிரிட் கேட்டார்கள், பச்சை நிறமியோடு சேர்த்து எடுத்துவிடும் என்று அஞ்சி வேண்டாம் என்றேன். கனிம எண்ணெய் ஒரு சொட்டைப் பஞ்சுக்குச்சியில் தொட்டு அந்தக் கோட்டின்மேல் மட்டும் தடவி, கொஞ்சநேரம் விட்டால் ரப்பர் இளகியது. பிறகு மரப் பல்குச்சியின் மழுங்கிய முனையால் தள்ளினால் சுருள்சுருளாக உருண்டு வந்தது. உலோக முனை எதுவும் பயன்படுத்தவில்லை. எண்ணெய் மிச்சத்தைப் போக்க வழக்கமான கழுவல். இரண்டு சிப்பில் ரப்பர் இருந்த இடத்தில் விளிம்பு நிறமே மாறியிருந்தது. அது கறை அல்ல, ரப்பர் செய்த வேதிமாற்றம் என்று பட்டது. அப்படியே விட்டோம்.

வளைந்த சிவப்புகளை நிமிர்த்தும் முயற்சி ஒன்றோடு நின்றது. வெதுநீரில் நனைத்து இரு கண்ணாடிக்கு நடுவே பாரம் வைத்ததில் கொஞ்சம் நிமிர்ந்தது, பாரம் எடுத்த மறுநாள் பாதி திரும்பிவிட்டது. நிமிரும் அளவுக்குச் சூடேற்றினால் முதலில் கெட்ட அதே காரணத்தை மறுபடி செய்வதாகும். அந்தப் பேரல் ஆட்டத்திலிருந்து ஒதுக்கப்பட்டது.

எண்ணெய் தடவுவது பற்றி

கழுவி உலர்ந்த சிப்புகள் சுத்தமாக இருந்தன, ஆனால் நிறம் வறண்டு தெரிந்தது. இந்த இடத்தில் பலரும் கனிம எண்ணெய் தடவுவார்கள். எண்ணெய் மேற்பரப்பின் நுண்குழிகளை நிரப்பும். ஒளி சிதறுவது குறைந்து நிறம் ஆழமாகத் தெரியும். சமையல் எண்ணெய் எதுவும் உதவாது. அவை காற்றில் மாறிப் பிசுக்காகும், கனிம எண்ணெய் அப்படி ஆவதில்லை.

ஆசிரியர் எல்லாவற்றுக்கும் தடவ விரும்பினார். அண்ணன் மகள் எதற்கும் வேண்டாம் என்றார்: கழுவி எடுத்ததே எண்ணெய்ப்பசையை, மறுபடி எண்ணெய் ஏன், கையால் எடுக்கும்போது வழுக்குமே, எழும்பிய இன்லே ஏதாவது இருந்தால் உள்ளே போய்க் கறையாகுமே என்று. இருவர் சொன்னதும் சரி. எண்ணெய் பழுதுபார்ப்பு அல்ல, தோற்றம் மட்டும். அதை விரும்புவதும் விரும்பாததும் சிப்பின் சொந்தக்காரர் உரிமை. ஆனால் திரும்ப எடுக்க முடியாத இடத்தில் தடவக் கூடாது என்பது என் கருத்து.

முடிவாக, சிவப்பு, பச்சை இரண்டிலும் இன்லே இறுக்கமாக இருந்தவற்றுக்கு மட்டும் தடவினார்கள். துணியில் எண்ணெய் தொட்டு, அந்தத் துணியை இன்னொரு துணியில் ஒற்றி எடுத்தபின் சிப்பைத் துடைத்தல்; ஒரு இரவு விட்டு, உலர்ந்த துணியால் மிச்சத்தை எடுத்தல். கறுப்பும் வெள்ளையும் எண்ணெய் இல்லாமலே இருந்தன. வெள்ளையில் எண்ணெய் மஞ்சள் சாயல் தரும் என்று சோதனைச் சிப்பிலேயே தெரிந்திருந்தது.

விளைவு

பெட்டி மேசைக்குத் திரும்பியது. எட்ஜ் ஸ்பாட் எல்லைகள் கூர்மையாகத் தெரிந்தன. அடுக்கைப் பக்கவாட்டில் பார்த்தாலே எண்ணிவிடலாம். பச்சையின் மங்கல் முழுக்கப் புகைதான் என்பது உறுதியாயிற்று. ஹாட் ஸ்டாம்ப் எழுத்து ஒன்றுகூட அழியவில்லை. சோதனைச் சிப்பைத் தவிர எதிலும் இன்லே எழும்பவில்லை. புதிதாக வளைந்தது எதுவும் இல்லை என்பதைக் கண்ணாடித் தட்டில் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்து உறுதிசெய்தோம். புகை நாற்றம் வெகுவாகக் குறைந்தது, முற்றிலும் போகவில்லை. பழைய ரேக்குகளையும் பெட்டியின் உள்துணியையும் கழுவாமல் விட்டிருந்தால் நாற்றம் திரும்ப ஏறியிருக்கும். ரேக்குகள் சோப்பில் கழுவப்பட்டன, உள்துணி மாற்றப்பட்டது.

சில மாத ஆட்டத்துக்குப் பின் மறுபடி பார்த்தபோது எண்ணெய் தடவியதற்கும் தடவாததற்கும் வேறுபாடு தெரிந்தது. தடவிய சிவப்பிலும் பச்சையிலும் ஆழமான நிறம் கொஞ்சம் இறங்கியிருந்தது, குழிவுகளில் நூல்தூசி ஒட்டத் தொடங்கியிருந்தது. உயரமாக அடுக்கினால் ஆரம்பத்தில் வழுக்கின, பிறகு சரியாகிவிட்டன. எண்ணெய் இல்லாத கறுப்பு அப்படியே இருந்தது. விரல் படப்பட அதற்கும் ஒரு மெருகு தானாகவே வந்திருந்தது. ஆசிரியர் மறுபடி எண்ணெய் தடவவில்லை. யாரும் வேண்டாம் என்று சொல்லவுமில்லை.

அடுத்தமுறை மாற்ற வேண்டியவை

பெர்கார்பனேட்டை எல்லாச் சிப்புக்கும் பொதுவாகப் பயன்படுத்தத் தேவையில்லை. வெள்ளைக்கும் புகை அதிகம் ஏறிய பச்சைக்கும் போதும். சிவப்பில் பாதிக்குமேல் வெறும் பாத்திரத் திரவத்திலேயே சுத்தமாகியிருக்கும் என்று குறிப்புகளைப் பார்க்கும்போது தெரிகிறது. மென்மையானதில் தொடங்கி, துணியில் பழுப்பு இருந்தும் வராதபோது மட்டும் அடுத்ததற்குப் போவது நல்லது.

ஒவ்வொரு நிறத்திலும் ஒரு சிப்பைக் கழுவாமல் தனியே வைத்திருக்க வேண்டும். ஒளிப்படம் எடுத்தோம், ஆனால் விளக்கு வெளிச்சம் மாறினால் படத்தில் நிறமும் மாறுகிறது. ஒப்பிட உண்மையான சிப் ஒன்று கையில் இருந்தால், எவ்வளவு போயிற்று என்ற வாதத்துக்கே இடமில்லை.

எண்ணெய் தடவும் முடிவைச் சிப் உலர்ந்த உடனேயே எடுக்கக் கூடாது. கழுவியபின் சில வாரம் ஆடிப் பார்த்து, அப்போதும் நிறம் வறண்டு தெரிந்தால் யோசிக்கலாம். சொரசொரப்பு மறைந்துபோவது பலருக்குப் பிடிப்பதில்லை. சிப்பைக் கையில் எடுத்த அடுத்த நொடியே அது தெரிந்துவிடும்.

எடை பார்ப்பதை அப்படியே தொடரலாம். பேரலுக்கு ஒன்று போதவில்லை, இரண்டாவது வேண்டும். நடுவில் உலர்ந்ததும் ஓரத்தில் உலர்ந்ததும் ஒரே வேகத்தில் உலரவில்லை. பலகையின் சுவரோரப் பக்கம் வைத்தவை எப்போதும் பின்தங்கின.